கடல் இல்லாத ஊரிலிருந்து அலைக்குப் போகிறவர்களுக்கு

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சென்னைக்குப் போனாலும் மேற்கே மங்களூருக்குப் போனாலும் சுமார் 350 கிலோமீட்டர். அல்சூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது மெரினாவில் கால் நனைப்பதுதான். கணுக்கால் வரை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் கையை விடாமல். எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான்.

இந்தப் பழக்கத்தோடு ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகிறோம். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸின் மேற்குக் கரை என்று எங்கே போனாலும், ஒரு மாதத்துக்குள் வகுப்பில் யாராவது "சனி ஞாயிறு சர்ஃபிங் போறோம், வர்றியா?" என்று கேட்பார்கள். பலகையில் ஏறி நின்று அலைமேல் சறுக்கும் அந்த விளையாட்டு, அங்குள்ள மாணவர்களுக்கு நாம் நந்தி மலைக்குப் போவது மாதிரி சாதாரணம். நமக்கு அப்படி இல்லை. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தை ஒட்டி மாலையில் டீ குடிக்கும்போது, அடுத்த செமஸ்டருக்கு வெளிநாடு கிளம்புகிற தம்பி தங்கைகள் என்னிடம் ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா, எத்தனை ஜாக்கெட் வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ அதைப் பற்றித்தான் அவர்களிடம் முதலில் பேசத் தோன்றுகிறது.

நான் 2024-இல் லிஸ்பனில் ஒரு செமஸ்டர் படித்தேன். அக்டோபர் கடைசி வார இறுதியில், தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னால், எரிசெய்ரா என்ற கடலோர ஊருக்குப் போனேன். கூட வந்தவள் சிவாஜி நகர்ப் பெண், வேறு கல்லூரியிலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். இருவரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், இருவருக்கும் கடல் புதிது.

கிளம்புவதற்கு முன்னாலேயே, பெங்களூரில் இருக்கும்போதே, அம்மா எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். என் ஜாதகத்தில் தண்ணீர்க் கண்டம் இருப்பதாக யாரோ ஒரு ஜோசியர் சொன்னதை அம்மா இருபது வருடமாக மனதில் வைத்திருக்கிறார். "நீ போற ஊர்ல நாலு பக்கமும் கடல்னு சொல்றாங்க. நீச்சல் கத்துக்காம நீ விமானம் ஏறக் கூடாது" என்றார். நாலு பக்கம் இல்லை, மேற்கும் தெற்கும் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சரி என்று கென்சிங்டன் சாலை நீச்சல் குளத்தில் காலை வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த வகுப்புக்காக அம்மாவுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் குளத்தில் எது கடலுக்கு உதவியது என்பதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை சுற்று நீந்த முடியும் என்ற கணக்கு அங்கே பெரிதாக உதவவில்லை. உதவியவை மூன்று: மல்லாந்து படுத்துக் கைகால் அசைக்காமல் மிதப்பது, முகத்தின் மேல் தண்ணீர் வந்தாலும் பதறாமல் மூச்சை அடக்கி விடுவது, தரை எட்டாத இடத்தில் நின்ற நிலையில் காலை உதைத்துத் தலையை மேலே வைத்துக்கொள்வது. பயிற்சி ஆசிரியரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். நேரம் குறைவாக இருந்தால் ஃப்ரீஸ்டைலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஊருக்குப் போவது என்பதில் ஒரு குழப்பம் வரும். போர்ச்சுகல் அலை என்று தேடினால் நஸாரே என்ற ஊர்தான் முதலில் வருகிறது. 2020 அக்டோபர் 29-இல் ஜெர்மானியர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21 மீட்டர் உயர அலையில் சறுக்கிக் கின்னஸில் இடம்பிடித்தது அங்கேதான். கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரை வரைக்கும் வருவதால் அங்கே அலை அப்படி எழும்புகிறது. குளிர்காலத்தில் குன்றின் மேல் நின்று பார்த்துவிட்டு வரலாம், பார்க்க வேண்டிய காட்சிதான். கற்றுக்கொள்ள அது இடமில்லை. எரிசெய்ரா 2011-இல் உலக சர்ஃபிங் காப்பிடமாக, அதாவது அலைகளுக்காகவே பாதுகாக்க வேண்டிய கரையாக, அறிவிக்கப்பட்டது, ஐரோப்பாவில் அதுதான் முதல். சில கிலோமீட்டர் கரைக்குள் வெவ்வேறு குணமுள்ள அலைகள் அங்கே உடைகின்றன. தேர்ந்தவர்களுக்கான பாறைக் கரையும் உண்டு, புதியவர்களுக்கான மணல் கரையும் உண்டு. தவிர, லிஸ்பனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். காம்போ கிராண்டே பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடலாம்.

பேருந்து விஷயத்தில் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பன் பெருநகரப் பகுதி முழுவதற்குமான மாதாந்திரப் பாஸ் 40 யூரோ. அதில் 18 நகராட்சிகள் அடங்கும், எரிசெய்ரா இருக்கிற மாஃப்ராவும் அதில் ஒன்று. அந்தப் பாஸ் ஏற்கெனவே கையில் இருந்ததால் பயணத்துக்குத் தனியாகச் செலவே இல்லை. வேறு ஊரில் படித்தாலும் மாணவர் பாஸின் எல்லை எதுவரை என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும். விடுதியில் பொது அறையில் ஒரு படுக்கை, சர்ஃப் வகுப்பு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு நூறு யூரோவை ஒட்டி ஆனது. அப்போது யூரோ 90 ரூபாய்ப் பக்கம் இருந்தது. ஒன்பதாயிரம் என்று மனதில் மாற்றிப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். அதனால்தான் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கற்றுத் தந்தவர் அந்த ஊரிலேயே பிறந்த பெண்மணி. என் சித்தியின் வயது இருக்கும். வகுப்பு ஃபோஸ் டோ லிசான்ட்ரோ என்ற கடற்கரையில். ஊருக்குத் தெற்கே ஒரு சிற்றாறு கடலில் கலக்கிற இடம் அது, அகலமான மணல்வெளி. நாங்கள் போர்டைக் கையில் எடுத்ததும் தண்ணீரை நோக்கி நடக்கப் பார்த்தோம். அவர் போர்டுகளைக் கீழே வைக்கச் சொல்லி எல்லாரையும் மணலில் உட்கார வைத்துவிட்டார். "இப்போது பேச வேண்டாம். கடலைப் பாருங்கள். நான் கேட்கும்போது என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார்.

உண்மையில் அந்த வார இறுதியில் நான் கற்றதில் பாதிக்கு மேல் அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோது கற்றதுதான். அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லா அலையும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் போனதும் அவை கூட்டமாக வருவது புரிந்தது. பெரிதாக நாலைந்து அலைகள் அடுத்தடுத்து வரும், அப்புறம் ஒரு அமைதி, பிறகு மறுபடி ஒரு கூட்டம். புதிதாக வருகிறவர்கள் அந்த அமைதியைப் பார்த்துக் கடல் இன்று சாது என்று நினைத்து இறங்கிவிடுகிறார்கள், நாலடி போனதும் கூட்டம் வந்து சேர்கிறது என்றார் அவர். எந்தக் கடற்கரையாக இருந்தாலும் இறங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடமாவது உட்கார்ந்து பார்த்தால்தான் அன்றைய கடலின் முழு அளவு தெரியும்.

அடுத்து, அலை எங்கே உடைகிறது என்று பார்க்கச் சொன்னார். அலை தன் உயரத்தைவிட ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். ஆகவே நுரை எங்கே வெளுக்கிறதோ அங்கே அடியில் மணல் மேடாக இருக்கிறது. நுரையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, மேற்பரப்பு சலசலத்துக்கொண்டு ஒரு பாதை போலத் தெரிகிற இடத்தில் ஆழம் அதிகம். "இதில் எந்த இடத்தில் இறங்குவீர்கள்?" என்று கேட்டார். என் தோழி உட்படப் பாதிப் பேர் அந்த அமைதியான பாதையைக் காட்டினார்கள். அலை இல்லை, பயமில்லை என்று யாருக்கும் தோன்றுவது அதுதான்.

அந்தப் பாதைதான் இழுப்பு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் எங்கேயாவது திரும்பிப் போக வேண்டும் அல்லவா, ஆழமான பள்ளம் எதுவோ அதன் வழியாகப் போகிறது. வேகமான இழுப்பு நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் ஓடும், ஒலிம்பிக் நீச்சல்காரராலேயே அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. ஆனால் அவர் அழுத்திச் சொன்ன விஷயம் வேறு. இழுப்பு ஆளைத் தண்ணீருக்கு அடியில் இழுப்பதில்லை. கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அலை உடைகிற கோட்டைத் தாண்டியதும் அதன் வேகம் அடங்கிவிடும். சாகிறவர்கள் பெரும்பாலும் அதை எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் சாகிறார்கள். மாட்டிக்கொண்டால் மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை வெளுக்கிற இடத்துக்கு வந்தபின் அலையோடு கரைக்கு வர வேண்டும். போர்டு இருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. அதைவிடப் பெரிய மிதவை கிடைக்காது.

இதைக் கேட்டபோது எனக்கு மெரினா ஞாபகம் வந்தது. அங்கே கல்லூரிப் பிள்ளைகள் குளிக்கப் போய் அடித்துச் செல்லப்பட்ட செய்தியைச் சின்ன வயதிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறோம். அலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு என்றுதான் வீட்டில் சொல்வார்கள். எப்படி இழுக்கிறது, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பள்ளியிலும் சொல்லித் தரவில்லை, வீட்டிலும் யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் சொல்லித் தரக் கூடிய விஷயம் இது. இது தெரியாமல் போகிற உயிர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அடுத்த முறை கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போது, மணலில் உட்காரவைத்து அந்த இருண்ட பாதையைக் காட்டுங்கள்.

பிறகு ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறுவதும் இறங்குவதும். சென்னைப் பக்கம் ஏற்ற இறக்கத்தின் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. எரிசெய்ராவில் மூன்று மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. காலையில் நாங்கள் பை வைத்த மணல் மதியம் தண்ணீருக்குள் போயிருந்தது. குன்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற சிறிய கரைகளில் இது ஆபத்தாகவே முடியும், நடந்து வந்த வழி மூடிக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுவதால், அன்றைய அட்டவணையை ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் ஊரில் பிள்ளைகளைக்கூட விளையாட விடுகிறார்கள்.

கொடிகளையும் சொன்னார். பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. போர்ச்சுகலில் மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி இருந்தால் காவலர் அந்த நேரம் அங்கே இல்லை. கோடைக் குளியல் காலம் முடிந்தபின் பெரும்பாலான கரைகளில் காவலர் கோபுரமே காலியாக இருக்கும். அக்டோபரில் நாங்கள் போனபோதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் போகிறவர்கள் வகுப்போடுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பேன். நாலு நண்பர்கள் சேர்ந்து போர்டு வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்குவது மலிவாகத் தெரியும். அந்த நாலு பேரில் ஒருவருக்காவது அந்தக் கரை தெரியாவிட்டால் வேண்டாம்.

தண்ணீருக்குள் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், அது போய்த் தெரிந்துகொள்ள வேண்டியது. அட்லாண்டிக் குளிர்ந்த கடல். கோடை முடிவிலும் 18, 19 டிகிரிதான், குளிர்காலத்தில் 15-க்கு இறங்கும். உடம்புப் பகுதியில் 4, கைகால் பகுதியில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்ற குளிர் தாங்கும் ரப்பர் உடை தருவார்கள், உள்ளே நீச்சல் உடை போட்டுக்கொண்டால் போதும். போடுவதற்கு நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு நகத்தால் இழுத்தால் கிழியும். உடை மாற்றத் தனி இடம் பெரும்பாலும் கிடையாது. பெரிய துண்டில் தைத்த, தலை வழியாகப் போடுகிற அங்கி ஒன்று இருந்தால் பெண்களுக்கு வசதி. நம் நைட்டியே அந்த வேலையை அழகாகச் செய்கிறது, நாங்கள் அதைத்தான் கொண்டு போனோம். கம்மல், மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

புதியவர்களுக்கு எட்டடி நீள ஃபோம் போர்டு. இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வந்த நுரை அலையில்தான் பழக்குவார்கள். குப்புறப் படுத்து, அலை தூக்கும்போது கையை நெஞ்சுக்கருகே ஊன்றி ஒரே எழும்பலில் காலை முன்னால் கொண்டுவர வேண்டும். பார்வை கரையில் இருந்தால் நிற்கலாம், காலைப் பார்த்தால் விழுவோம். விழுவதையும் அவர் தனியாகச் சொல்லித் தந்தார்: தலைகுப்புறப் பாயாமல் உடம்பைத் தட்டையாகப் பரப்பி விழ வேண்டும், ஏனென்றால் அடியில் மணல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. மேலே வரும்போது முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு வர வேண்டும், போர்டு அதைக் காலோடு கட்டியிருக்கும் லீஷ் கயிற்றில் சுண்டித் திரும்பி வரும். சனிக்கிழமை மதியம் நான் எழுந்து நின்று கரை வரைக்கும் வந்தேன். அந்தச் சில நொடிகளில் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. போய் நின்று பாருங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. என் தோழிக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் அஞ்சுக்கு மேல். கான்டாக்ட் லென்ஸோடு இறங்கினால் அலையில் போய்விடும், கண்ணில் தொற்று வரவும் வாய்ப்புண்டு. அதை ஆசிரியரிடம் முதலிலேயே சொன்னாள். அவர் தன் தலையில் பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, "நான் இருக்கும் திசை உனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். கரையில் பெரிய வெள்ளைக் கட்டிடம் ஒன்றையும் அடையாளமாகக் காட்டி, அது வலப்பக்கம் நகர்ந்துவிட்டால் வெளியே வந்து நடந்து திரும்பச் சொன்னார். தண்ணீரில் நாம் பக்கவாட்டில் நகர்வது நமக்கே தெரியாது, அதனால் நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இந்த அடையாளம் வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, தோள்பட்டை நழுவுதல் எது இருந்தாலும் வெட்கப்படாமல் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலை அந்த இழுப்பை நேரில் பார்த்தோம். எங்கள் வகுப்பைச் சேராத பையன் ஒருவன் தனியாக வந்து சற்றுத் தள்ளி இறங்கியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான். எங்கள் ஆசிரியர் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, எங்கள் எல்லாரையும் மணலுக்கு ஏற்றிவிட்டு, தன் போர்டோடு அதே இருண்ட பாதையில் இறங்கினார். இழுப்பே அவரைச் சீக்கிரமாக அந்தப் பையனிடம் கொண்டு சேர்த்தது. அந்தப் பையன் போர்டை விடாமல் அதன்மேல் படுத்து ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான், அதுதான் அவனைக் காப்பாற்றியது. இருவரும் பக்கவாட்டில் வெகுதூரம் போய், நுரையோடு கரைக்கு வந்தார்கள். வந்ததும் அவர் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேட்டார், எங்கே இறங்குவாய் என்று. நேற்று அமைதியான பாதையைக் காட்டிய என் தோழி இப்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அவள் ஊருக்குள் மீனவர் கரைக்கு மேலே இருக்கிற மாதா கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள். கடலில் போகிறவர்களைக் காக்கிற மாதா அவர். சிவாஜி நகர் மாதா திருவிழாவுக்கு வருடந்தோறும் செப்டம்பரில் காவி உடுத்தி விரதம் இருக்கிற வீட்டுப் பெண் அவள். வேளாங்கண்ணியும் அவர்களுக்குக் கடல் மாதாதான். நானும் கூடப் போய் நின்றேன். கீழே 1910 அக்டோபர் 5-ஆம் தேதி போர்ச்சுகலின் கடைசி அரசர் இரண்டாம் மானுவேல், புரட்சி வெடித்ததும் குடும்பத்தோடு படகேறி நாட்டைவிட்டுப் போன கரை இருக்கிறது. இன்று அங்கே மீன்பிடிப் படகுகளை இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். வயதானவர்கள் சுவரோரம் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். காசிமேட்டில் பார்க்கிற அதே பார்வை.

சாப்பாடு. போர்ச்சுகல் உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை, தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். லிஸ்பனில் மார்ட்டிம் மோனிஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன, புளி, பருப்பு, அரிசி எல்லாம் கிடைக்கும். முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் கிண்டிச் சோற்றில் பிசைந்து எடுத்துப் போனோம். அலையில் அடிபட்டுப் பசியோடு வெளியே வந்து, மணலில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் புளியோதரைக்கு இணையாக எதையும் நான் அங்கே சாப்பிடவில்லை. கூட வகுப்பில் இருந்த போலந்து மாணவி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டிலிருந்து வந்திருந்த தீபாவளி முறுக்கும் அங்கேயே காலியானது.

அந்த ஞாயிறன்றுதான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு அது எப்போதும் நடக்கும். சனிக்கிழமை ஆறே முக்கால் மணிக்கு மறைந்த சூரியன் ஞாயிறன்று ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிட்டது. மாலை வகுப்பு, பேருந்து, இருட்டு எல்லாம் இதனால் மாறும், திட்டம் போடும்போது பாருங்கள். இந்தியாவோடு நேர வித்தியாசமும் நாலரையிலிருந்து ஐந்தரை மணி நேரமாகிவிடும். தண்ணீரிலிருந்து ஏறியதும் கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "கழுத்துக்கு மேல தண்ணி வந்துச்சா?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. இடுப்பளவுதான் என்றேன், எப்படி இழுக்கும், எப்படி வெளியே வர வேண்டும் என்று முழுவதையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை உங்க மாமா பசங்களுக்கும் சொல்லு கண்ணு" என்றார்.

பேருந்துக்கு முன்னால் ரிபெய்ரா டீல்யாஸ் என்ற கரைக்கு மேலே போய் நின்றோம். உலக சர்ஃப் லீகின் போட்டிகள் நடக்கிற இடம். அங்கே பார்த்தபோது அலைக்கும் ஒரு வரிசை முறை இருப்பது தெரிந்தது. அலை எந்த முனையில் உடையத் தொடங்குகிறதோ அதற்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை, மற்றவர்கள் விலகிக்கொள்கிறார்கள். புதியவர்களான நாம் நடுவில் போய் நின்றால் நமக்கும் அடி, அலையில் வருகிறவர்களுக்கும் அடி. உள்ளே நுரையில் நமக்கு எவ்வளவோ இடம் இருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் சில. மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் படியுங்கள். பல மாணவர் காப்பீடுகளில் அது சின்ன எழுத்தில் இருக்கும், கூடுதல் தொகை கட்டினால் சேர்த்துத் தருவார்கள். ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112. பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை லிஸ்பன் திரும்பும் பேருந்து நிரம்பி வழியும், ஒரு பேருந்து முன்னதாகவே நிறுத்தத்துக்குப் போய்விடுவது நல்லது. மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடுங்கள், கருத்த தோலும் உப்புத் தண்ணீரில் எரியும்.

வெளிநாட்டுக்குப் போகும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் முல்கி. மங்களூருக்கும் உடுப்பிக்கும் நடுவே, சாம்பவி ஆறு கடலில் சேர்கிற ஊர். இந்தியாவின் முதல் சர்ஃப் கிளப் 2004-இல் அங்கே தொடங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அந்தக் கடல் புதியவர்களுக்கு ஆகாது, மழை விட்டபின் அக்டோபரிலிருந்து போகலாம். கிழக்கே சென்னைக்குத் தெற்கில் கோவளம் இருக்கிறது. மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தானாகவே சர்ஃபிங் பழகி, தன் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தந்து வளர்த்த இடம் அது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரத்தில் நடந்தது. ஆசிரியர் தமிழிலேயே சொல்லித் தருவார் என்பது சின்ன விஷயம் இல்லை. தண்ணீருக்குள் ஒருவர் கத்திச் சொல்வது ஒரு நொடியில் புரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அலை உயரம், கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கி வரும் கடல்) எச்சரிக்கை எல்லாவற்றையும் தினமும் வெளியிடுகிறது. பேருந்துக்குச் சீட்டு எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இரண்டு ஊரிலும் காலை வகுப்பையே கேளுங்கள், வெயில் ஏறியதும் கடல் காற்று வீசத் தொடங்கித் தண்ணீர் குழம்பிவிடும்.